உறுமல் தடைத் தீர்மானம்

மனித குலம் கூட்டம் போட்டுப் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஒருவர் குரலும் உயராமல் நடந்து முடிந்த குடியிருப்போர் சங்கக் கூட்டம் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தலைமை வகித்தது ஒரு நாய். நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். அந்த வரிசையில் முதல் ஆள் சங்கத்தின் செயலாளரே.

நாயின் பெயர் மேனேஜர். மூன்றாவது மாடிப் பல்செட்காரரின் மனைவி சூட்டிய பெயர். வந்த அன்றே சோபாவின் நடுவில் சாய்ந்து படுத்தது. தன் தட்டுப் பக்கம் யார் வந்தாலும் உறுமியது. மற்றபடி ஒரு வேலையும் செய்யவில்லை. அவளுக்குத் தன் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. பல்செட்காரரோ பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். ஊரார் வாயையெல்லாம் அச்செடுத்து வைத்திருந்தவருக்கு மேனேஜரின் வாய் மட்டும் பிடிபடவில்லை. ஆனாலும் அதன்மேல் உயிர். பல் அச்சு மாவின் தூசி படிந்த அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டுதான் அது தூங்கும். அது எழுந்திருக்கும்வரை அவர் வெறுங்காலோடு வீட்டுக்குள் நடமாடுவார்.

செயலாளர் ஒழுங்கின் திருவுருவம். 'லிஃப்டில் சத்தமாகச் சிரிக்காதீர்' என்ற அமர வாசகத்தை உலகுக்கு அளித்தவர். அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து மேனேஜர் ஒருநாள் மாடிப்படியில் உறுமிவிட்டது. மறுவாரமே சங்கம் கூடி, 'வளாகத்துக்குள் எந்தப் பிராணியும் உறுமுதல் கூடாது' என்று தீர்மானம் நிறைவேற்றியது.

"உறுமறதுதான் சார் ஆரம்பம். அதை வேரோட பிடுங்கிட்டா கடிக்கறதுங்கற பேச்சே இல்ல," என்று செயலாளர் விளக்கினார். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள எவராலும் முடியாது.

பல்செட்காரர் சட்டத்தை மதிப்பவர். உறுமும்போதெல்லாம் மேனேஜரின் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சினார். மேனேஜர் கெட்டிக்கார நாய். கொஞ்ச நாளில் உறுமுவதை அடியோடு விட்டுவிட்டது. சங்கமே பூரித்துப் போயிற்று. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு 'நல்லெண்ணக் குழு'வை வரவழைத்த செயலாளர், அவர்களைப் பல்செட்காரர் வீட்டுக்கு அழைத்துவந்தார்.

"பாருங்க. சாப்பிட்டுக்கிட்டிருக்கு. நான் தலையில கை வைக்கிறேன். சத்தம் வருதா?"

தட்டின்மேல் குனிந்து அதன் தலையில் கை வைத்தார். மேனேஜரின் உடம்பு விறைத்தது. ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. பிறகு, சங்கத்தின் தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து மதித்து, துளிக்கூட உறுமாமல், கடித்தது.

"ஐயோ! சொல்லாம கொள்ளாம கடிச்சிருச்சேய்யா!"

"நீங்கதானே சார் சொல்லக் கூடாதுன்னீங்க?" என்றார் பல்செட்காரர், கையைப் பிசைந்துகொண்டு.

நாயை வெளியேற்ற அவசரக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. பல்செட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி எங்கேயோ விசாரித்து, நாய்களின் நடத்தை ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்தாள். அந்தம்மாள் யாரையும் நேருக்கு நேர் பார்க்க மாட்டார். பக்கவாட்டில் நின்று, சுவரோடு பேசுவதுபோல் பேசுவார். நடுநடுவே நிதானமாகக் கொட்டாவி விடுவார். நாயைச் சாந்தப்படுத்தும் முறையாம். மனிதர்களிடமும் அதையே கடைப்பிடித்தார்.

"உறுமறது கெட்ட பழக்கம் இல்ல சார். 'பயமா இருக்கு, தள்ளிப் போ'ன்னு அதுக்குச் சொல்லத் தெரிஞ்ச ஒரே வார்த்தை. நீங்க வார்த்தையைப் பிடுங்கிட்டீங்க. பயம் அங்கேயேதான் இருக்கு."

"சங்கம் சொல்லுச்சு மேடம்."

"சங்கம் சொன்னா நீங்க குரைப்பீங்களா?" என்றாள் மனைவி.

சிகிச்சை ஆரம்பமாயிற்று. சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது. எட்ட நின்று கறித்துண்டு ஒன்றை எறிந்துவிட்டு நகர வேண்டும்; மனிதன் வந்தால் தட்டு நிறையும், குறையாது என்று அதற்குப் பட வேண்டும். உறுமினால் திட்டக் கூடாது, விலக வேண்டும். கறி எறிவது நன்றாகவே நடந்தது. ஆனால் உறுமல் வரவில்லை.

"அது திரும்பி வந்தாதான் நான் பொறுப்பேத்துக்க முடியும். வாய் பேசாத நாய்க்கு எந்தக் கூட்டத்துலயும் என்னால பரிஞ்சு பேச முடியாது," என்று ஆலோசகர் சுவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பல்செட்காரர் குழந்தையின் முதல் பேச்சுக்குக் காத்திருக்கும் தகப்பன் ஆனார். "ஒரே ஒரு தடவை உறுமுடா கண்ணா. அப்பாவைப் பாத்து உறுமு."

"நான் ஆபீஸ்ல வேண்டாம்னு வேண்டிக்கறதை நீங்க வீட்ல வேணும்னு வேண்டிக்கறீங்க," என்றாள் மனைவி.

கூட்ட நாள் வந்தது. 'குற்றவாளி' நேரில் வர வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. வாய்க்கூடு மாட்டித்தான் அழைத்து வந்தார்கள். ஆனால் பார்க்கிறவர்களின் பயத்துக்கு வாய்க்கூடு மாட்ட முடியுமா? மேனேஜர் நேராகப் போய், மெத்தை போட்ட ஒரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. அது தலைவரின் நாற்காலி.

"பரவால்ல, அவரே உட்காரட்டும்," என்று தலைவர் சுவரோரம் ஒதுங்கினார்.

ஆலோசகர் விதிகளைச் சொன்னார். முறைக்கக் கூடாது. விரல் நீட்டக் கூடாது. கத்தக் கூடாது. சட்டென்று எழக் கூடாது.

"அப்புறம் கூட்டம்னு எதுக்கு?" என்றார் தரைத்தளத்து வக்கீல், உண்மையான குழப்பத்துடன்.

இருந்தாலும் கூட்டம் நடந்தது. எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒருவர் காதோடு ஒருவர் பேசினார்கள். வக்கீலுக்கும் நீச்சல் வாத்தியாருக்கும் கார் நிறுத்தும் இடத்துக்காகப் பல்லாண்டுப் பகை.

"உங்க வண்டியைக் கொஞ்சம் தள்ளி விட்டா நல்லாருக்கும்," என்று வாத்தியார் தரையைப் பார்த்துச் சொல்லிக் கொட்டாவி விட்டார்.

"விட்டுட்டா போச்சு," என்று வக்கீலும் ஒரு கொட்டாவி விட்டார்.

மேனேஜர் கண்ணை மூடியது. தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினையும் அந்தக் கண் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

செயலாளருக்குத் தாங்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு துள்ளி எழுந்து, மற்ற கை விரலை நீட்டி, "இந்த மிருகத்தை..." என்று முழங்க வாயெடுத்தார்.

"ர்ர்ர்ர்..."

மண்டபம் உறைந்தது. பல்செட்காரர் மட்டும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "பேசிடுச்சுடி! நம்ம பிள்ளை பேசிடுச்சு!"

செயலாளர் மெல்ல உட்கார்ந்தார். உறுமல் நின்றது. "சொல்லுச்சு. கேட்டுட்டார். முடிஞ்சுபோச்சு," என்றார் ஆலோசகர் சுவரிடம். "இனி இதுக்கு நான் பொறுப்பு."

தலைவர் வாக்கெடுப்பு அறிவித்தார். "நாயை வெளியேத்தணும்ங்கறவங்க எழுந்து நின்னு கையைத் தூக்குங்க." இதையும் முணுமுணுப்பாகத்தான் சொன்னார். யாரும் எழவில்லை. செயலாளரின் கை மட்டும் மடியைவிட்டுப் புறப்பட்டது. மேனேஜர் திரும்பிப் பார்த்தது. கை மூக்கைச் சொறிந்துவிட்டு மடிக்கே திரும்பியது. தீர்மானம் ஏகமனதாகத் தோற்றது.

பல்செட்காரர் இந்தச் சரித்திரத்தைத் தெருவெல்லாம் பரப்பினார். செயலாளரோ, "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. நாய் உறுமவும் இல்ல, நான் உட்காரவும் இல்ல," என்று போகிற இடமெல்லாம் சத்தியம் செய்தார். கடைசியில் பக்கத்துக் குடியிருப்பின் நல்லெண்ணக் குழு அவரையே தேடி வந்தது. பொழுது சாய்ந்தும் அவர் வீட்டுக்குப் போகாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பல்செட்காரர் அளந்து விடறார் சார். கடிபட்டவர் நீங்க, நீங்க சொல்லுங்க. நடந்துச்சா இல்லையா?"

செயலாளர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார்.

"நடந்துச்சுய்யா. அது உறுமினது, நான் உட்கார்ந்தது, எல்லாம் நிஜம்."

"பின்ன ஏன் சார் இத்தனை நாளா இல்லைன்னு சாதிச்சீங்க?"

செயலாளர் மாடியில் தன் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை.

"ஒத்துக்கிட்டா மத்ததையும் யோசிக்கணுமே. இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டி என்னைப் பாத்து ஒரு தடவைகூட உறுமினதில்லய்யா."