சூட்டை நிறுத்தப் பதினாறு கையெழுத்து

வல்மியெரா,
ஏப்ரல் 26, சனிக்கிழமை காலை.

மதிப்பும் பாசமும் ஒருபோதும் குறையாத வெல்டா அக்காவுக்கு,

உன் தம்பி டைனிஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது என்னைக் கேட்காமல் ஏதோ பேசுகிறது. அங்கே லியெபாயாவில் நீயும் அத்தானும் ஒன்பது கோழிகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கடற்காற்றுக்கு உன் இருமல் அடங்கியதா என்று எழுது. ஈஸ்டருக்கு ஏன் வரவில்லை என்று நீ அனுப்பிய அட்டை கிடைத்தது. ‘தம்பிக்கு அக்கா வேண்டாதவளாகிவிட்டாள்’ என்ற வரியை மூன்று தடவை படித்தேன். அப்படியெல்லாம் இல்லை அக்கா. நான் வராததற்கு ஒரே காரணம், சூடு.

உன் வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது. குளிர்ந்தால் இரண்டு கட்டை போடுகிறாய், போதுமென்றால் விட்டுவிடுகிறாய், அத்தானைக்கூடக் கேட்பதில்லை. எங்கள் கட்டடத்தில் அது நடக்காது. ஐந்து தளம், முப்பது வீடு, நகர வெப்ப நிலையத்திலிருந்து வரும் ஒரே வெந்நீர்தான் எல்லார் வீட்டுச் சுவரோர இரும்பு ரேடியேட்டரிலும் ஓடுகிறது. நிறுத்தினால் முப்பது வீட்டுக்கும் சேர்த்து நிற்கும், பிறகு அக்டோபரில்தான் வரும். எப்போது நிறுத்துவது என்பதைக் குடியிருப்பவர்களே முடிவுசெய்து, பதினாறு வீட்டார் கையெழுத்துப் போட்ட தாளைக் கட்டடத் தலைவர் அந்த நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தத் தலைவர் இப்போது நான். ஜனவரிக் கூட்டத்தில் ‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா’ என்று கேட்டபோது நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். முப்பத்தொரு வருடம் ரூயியெனா ஊருக்குப் பஸ் ஓட்டியவன் நான். எங்கே நிறுத்த வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கும், நிறுத்துவேன். ஒரு நாளும் பின்னால் திரும்பி, ‘நிறுத்தட்டுமா, யாரெல்லாம் சம்மதம்?’ என்று கேட்டதில்லை.

ஏப்ரல் பிறந்ததும் வெயில் வந்துவிட்டது. உடனே இரண்டாம் தளத்துக் கைடிஸ் என் கதவைத் தட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கௌரவமான மனிதர், அரைக்கால் சட்டையும் கழுத்தில் ஈரத் துண்டுமாக நிற்கிறார். “என்ன தலைவரே, எங்கள வேக வெக்கிறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா? நேத்து முட்டைய ஜன்னலோரம் வெச்சிட்டு மறந்துட்டேன். இன்னும் ரெண்டு நாள் விட்டா ‘கீச்’னு கூப்பிட்டிருக்கும்!” என்று கத்திவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்து மூன்றாம் தளத்து அவுஸ்மா. அவள் ஜன்னல் விளிம்பு முழுக்கத் தயிர் டப்பாக்களில் நாற்பத்தேழு தக்காளி நாற்று வளர்க்கிறாள். சூட்டில் அவை கொக்குக் காலாக நீண்டு சாய்ந்து கிடந்தன. “இது தக்காளியாண்ணே? நூலு! நிறுத்துங்க முதல்ல” என்று கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை வானொலியில் உறைபனி என்றதும் ஓடி வந்து, “ஐயோ, பிள்ளைங்க விறைச்சிடும், என் பேர அடிச்சிடுங்கண்ணே” என்றாள். அடித்தேன். மூன்றாம் நாள் வெயில், மறுபடி போட்டாள். நான்காம் முறை அடித்தபோது தாளே கிழிந்துவிட்டது, பின்னால் ஒட்டுப் போட்டேன். ஐந்தாம் முறை அவள் பேனாவை எடுத்ததும், “அவுஸ்மா, இது கையெழுத்தா, வானிலை அறிக்கையா?” என்றேன். கோபித்துக்கொண்டாள், ஆனால் அதோடு நிலையாக இருந்துவிட்டாள்.

இப்படியாகப் பதினைந்து சேர்ந்தது. எட்டு வீட்டுக்காரர்கள் அயர்லாந்தில் வேலை பார்க்கிறார்கள், கதவு பூட்டு. ஆறு வீட்டார் என் முகத்துக்கு நேரே முடியாது என்றார்கள். மிச்சம் ஒரே வீடு, ஐந்தாம் தளத்து வடக்கு மூலையில் மில்டா அம்மாள். தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டத்தில் எழுந்து நின்று ‘நிறுத்தக் கூடாது’ என்று அழுத்திச் சொல்பவர் அவர்தான். போன வருடம் மே பத்து வரை எங்களை வேகவைத்தார். மாடிப்படியிலும்கூடக் காதை மூடிய கம்பளித் தொப்பியோடுதான் நடப்பார். கட்டடம் முழுக்க அவருக்கு ‘ஐஸ் மகாராணி’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் அக்கா. அதற்கு அப்போது எல்லோரும் சிரித்தார்கள், நானும் நன்றாகத்தான் சிரித்தேன்.

ஈஸ்டருக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை மத்தியானம், முழங்காலைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவர் ஓவர்கோட்டு, தொப்பி, இரண்டு சால்வை, விரல் நுனி வெட்டிய கையுறையோடு நின்றார். நான் வருவது தெரிந்து வேஷம் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு பிர்ச் மரச் சாறு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார். சுவரில் இருந்த வெப்பமானி பதினொரு டிகிரி காட்டியது. அதுவும் கெட்டுப்போனது என்று நினைத்தேன். பிறகு முழங்கால் வலிக்கிறதே என்று ரேடியேட்டரில் கையூன்றினேன். கல்லறைக் கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது.

“இது வேலை செய்யலையா?”

“மேல் தளம்னா அப்படித்தானாமே” என்றார் அவர் சாதாரணமாக. “குடிவந்த வருஷமே உங்களுக்கு முந்தி இருந்த தலைவர்கிட்ட கேட்டேன். மேல வர்றதுக்குள்ள ஆறிடும்னாரு.”

“எத்தனை வருஷமா இப்படி?”

“பதினொண்ணு.”

“உங்க வீட்டுக்குத்தான் சூடே வரலையே. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் நிறுத்தாதீங்கன்னு சண்டை போட்டீங்க?”

அவர் என்னைச் சமையலறை நடுவுக்கு அழைத்துப் போய், தரையில் ஓர் இடத்தைக் காலால் காட்டினார். “செருப்பக் கழட்டிட்டு இங்க நில்லுங்க. தெரியுதா? கீழ் வீட்டுச் சூடு. இந்த வழியா கொஞ்சம் வரும். அவங்களுக்கு நின்னுட்டா எனக்கு இதுவும் போயிடும்ல?”

நின்றேன். பாதத்துக்கு அடியில், ஒரு பூனை படுத்து எழுந்துபோன இடம் போல, மெல்லிய இளஞ்சூடு. பதினொரு குளிர்காலம் அந்த அம்மாள் அந்த ஒன்றரை அடிச் சதுரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மிச்சச் சாற்றைக் குடிக்காமல் மேசையில் வைத்தேன். கையெழுத்துத் தாளைப் பையிலிருந்து எடுக்காமலே கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் பிளம்பர் எவால்ட்ஸைக் கையோடு கூட்டிப் போனேன். லியெபாயாவுக்குப் புறப்படுவதற்காக எடுத்து வைத்திருந்த நல்ல கோட்டைப் போட்டிருந்தேன், வேலை அரை மணியில் முடிந்தால் அப்படியே பஸ் ஏறலாம் என்று. எவால்ட்ஸ் ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்தான், மூக்கை வைத்து முகர்ந்துகூடப் பார்த்தான். “உள்ள காத்து அடைச்சிருக்கு. அத வெளிய விடுற திருகு ஒண்ணு இருக்கணுமே… இந்தா, இருக்கு. யாரு இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சது?”

மில்டா அம்மாள் சின்னக் குரலில் சொன்னார்: “நான்தான். குடிவந்த அன்னிக்கு. வெள்ளையா இருந்தா அழகா இருக்கும்னு மூணு கோட்டு அடிச்சேன்.”

எவால்ட்ஸ் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுரண்ட ஆரம்பித்தான். திருகு அசைந்ததும் பாம்பு மாதிரி ஒரு சீறல். அது நின்றபாடில்லை, பதினொரு வருடத்துக் காற்று அல்லவா. இவ்வளவுதானா என்று நான் குனிந்து பார்த்த நேரத்தில் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி என் நல்ல கோட்டை மார்பிலிருந்து மடிவரை நனைத்தது. எவால்ட்ஸ் சிரித்த சிரிப்பில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். பிறகு குழாய் கடகடவென்று ஏதோ சொல்லி அடங்கியது. மில்டா அம்மாள் கையுறையை உருவி ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தார். “சுடுது” என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சால்வை ஒன்றைக் கழற்றினார், பிறகு மற்றொன்று, பிறகு கோட்டு, கடைசியில் தொப்பி. அவருக்கு இவ்வளவு அடர்த்தியான வெள்ளை முடி உண்டென்று எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

உடனே அவர் செய்ததுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நேத்து நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? குடுங்க அந்தத் தாள” என்று வாங்கி, பதினாறாவதாகத் தன் பெயரை எழுதிவிட்டார்!

அக்கா, நீயே சொல். பதினொரு வருடம் கழித்து ஒரு வீட்டுக்குச் சூடு வந்து கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் அதை நிறுத்தும் தாளை நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் “இன்னும் பதினஞ்சுதான்” என்று புளுக ஆரம்பித்தேன். வெளியே செர்ரி மொட்டு விட்டுவிட்டது, உள்ளே வீடுகள் வெந்தன. கைடிஸ் கட்டிலைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவுஸ்மா நாற்றுகளுக்கு நூல்கண்டிலிருந்து நூல் பிரித்து முட்டுக் கொடுத்தாள். ஊரை விட்டுப் போனால் யாராவது மில்டா அம்மாளிடம் நேரே கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் நான் ஈஸ்டர் முழுக்க மாடிப்படியில் காவல் நின்றேன். அதனால்தான் வரவில்லை.

புதன்கிழமை மாட்டிக்கொண்டேன். மில்டா அம்மாள் தொப்பி இல்லாமல் ரொட்டி வாங்கப் படியிறங்க, எதிரே வந்த கைடிஸ், “யாரும்மா, புதுசா குடிவந்திருக்கீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். “இல்லையே, நான்தான் ஐஸ் மகாராணி” என்றிருக்கிறார் அவர். பெயர் அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தான் போன வாரமே கையெழுத்துப் போட்டதையும் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் என் வாசலில் பத்துப் பேர். “எங்களப் புழுங்க வெச்சு வேடிக்கை பாத்தீங்களா? தலைவரா நீங்க?” என்று கைடிஸ் துண்டை உதறினார். நான் தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, “கூட வாங்க, மேல வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க” என்றேன்.

பத்துப் பேரும் ஏறினோம். மில்டா அம்மாள் அந்தத் தரைச் சதுரத்தைக் காட்டினார், பெயிண்ட் கதையையும் தானே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பட்டப்பெயர் வைத்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். “தெரியும், உங்க குரல் மாடிப்படியில நல்லா எதிரொலிக்கும்” என்று சொல்லிவிட்டு, எனக்கு முதலில் புளிச்சக்கீரை சூப் ஊற்றி வைத்தார். அக்கா, அறுபத்தேழு வயதில் எனக்கு அழுகை வந்துவிட்டது, சூப்பின் புளிப்பு என்று சமாளித்தேன். கைடிஸ் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். “இன்னும் ரெண்டு வாரம் ஓடட்டும். பால்கனி எனக்குப் பழகிடுச்சு.”

“வேணாம்” என்றார் மில்டா அம்மாள். “வெளிய இவ்வளவு வெயில் அடிக்குது, ஜன்னலத் தொறந்து வெக்கணும்போல இருக்கு. எனக்கு அக்டோபர் போதும். இத்தனை வருஷமா அக்டோபர்னாலே பயம். இந்த வருஷம் எப்ப வரும்னு இருக்கு.”

அப்படியாக எல்லோரும் ஒருமனதாகச் சொல்ல, நேற்று வெள்ளிக்கிழமை தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். சாயந்திரமே அடைத்துவிடுவதாகச் சொன்னார்கள். தலைவராக என் முதல் காரியம் முடிந்தது. முப்பது வீட்டில் ஒருவருக்கும் என் மேல் வருத்தமில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் கட்டாயம் வருகிறேன். கூட மில்டா அம்மாளும் வருகிறார், கடலைப் பார்த்து இருபது வருடம் ஆகிறதாம். நீ புருவத்தை உயர்த்தாதே, அத்தானிடம் ஒன்றும் சொல்லாதே. அத்தானுக்கு என் வணக்கம், கோழிகளுக்கு என் விசாரிப்பு. உனக்கு இருமல் இல்லாத நாட்களும் வெயில் விழும் முற்றமும் வாய்க்கட்டும்.

உன் சொல்லை இனியாவது கேட்கப்போகும் தம்பி,
டைனிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ரேடியேட்டரைத் தொட்டேன், கை பொசுங்கிவிட்டது. அதே நேரம் கதவு தட்டல். எதிர்க் கட்டடமான பதின்மூன்றாம் எண்ணின் தலைவி கம்பளிப் போர்வையோடு நிற்கிறாள், பின்னால் ஏழெட்டுப் பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு. நேற்று சாயந்திரத்திலிருந்து அவர்களுக்குச் சூடு இல்லையாம். எங்கள் எண் பதினெட்டு. நான் அவசரத்தில் தாளில் எழுதிய எட்டு இடப்பக்கம் வாயைத் திறந்துகொண்டு மூன்றாக நின்றிருக்கிறது. ஆகவே மேலே எழுதியதில் ‘காரியம் முடிந்தது’, ‘ஒருவருக்கும் வருத்தமில்லை’, ‘அடுத்த சனிக்கிழமை கட்டாயம்’ மூன்றையும் அடித்துவிடு. ஐந்தாம் தளத்திலிருந்து மில்டா அம்மாள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறார்: “டைனிஸ், அவங்கள ஏன் வாசல்ல நிக்க வெச்சிருக்கீங்க? எல்லாரையும் மேல அனுப்புங்க, என் வீட்டுல நல்லாச் சூடா இருக்கு!”