சங்கு அண்ணாச்சி தேடிய சத்தமில்லாத ஆற்றங்கரை

அமைதியைத் தேடி இந்த உலகத்தில் அதிகச் சத்தம் போட்ட மனிதர் யாரென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இருக்கும் சங்கு அண்ணாச்சிதான். ஷிப்டு மாறும்போது மில்லில் ஊதுகிற சங்கைத்தான் அவருக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். மில் சங்காவது வேளைக்கு ஒருமுறை ஊதி ஓய்ந்துவிடும்.

அண்ணாச்சி நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின்களுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகளோடு அவர் போனில் பேசினால், “எதுக்குப் போனு? மாடியில நின்னு பேசுனாலே அவளுக்குக் கேக்குமே” என்று தெரு சிரிக்கும். ஒருநாள் டீக்கடையில் என் காதோரம் குனிந்து, “தம்பி, யாருக்கும் தெரிய வேண்டாம், எனக்கு மூலம்” என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆளுக்கொரு கைமருந்து சொன்னார்கள்.

காது மந்தம் என்று மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். மில்லில் காலம் தள்ளியவர்களுக்கே உரிய நம்பிக்கை அது. ஒன்று கேட்கவில்லை என்றால் பழியைச் சத்தத்தின்மேல் போடுவார்களே தவிர, காதின்மேல் போடமாட்டார்கள். “எங்காதுக்கு என்ன கேடு? ஊருதாம்ல இரைச்சல்” என்பார்.

அவர் மனைவி, எங்களுக்கு மதினி, அவரும் அதே மில்லில் வேலை பார்த்தவர். இத்தனை வருடமும் அண்ணாச்சிக்குச் சமமாகக் கத்தித்தான் குடும்பம் நடத்தினார். மாசி மாதம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் குரலை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினி மெல்லப் பேசுவது எங்களுக்கெல்லாம் கேட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் கேட்கவில்லை. எழுதிக் காட்டச் சொன்னோம். “பொண்டாட்டி புருசனுக்கு மனுவா குடுப்பா?” என்று அண்ணாச்சி பேனாவைப் பிடுங்கிப் பையில் சொருகிக்கொண்டார். அது என் பேனா.

ஒருநாள் மதினி என் மனைவியிடம், “ஆத்தங்கரையில புங்கம்பூ உதிர்ற நேரம். செத்த நேரம் போய் உக்காந்தா நல்லாருக்கும்” என்றார். என் மனைவி அதை உரக்கச் சொன்னதும் அண்ணாச்சி கிளம்பிவிட்டார். சத்தமே இல்லாத கரையாகப் பார்த்து உட்கார்ந்தால் பூவும் பார்க்கலாம், மதினி பேசுவதும் கேட்டுவிடும் என்று அவர் நம்பினார். ஒரு கோடை மழை அடித்தால் பூவெல்லாம் போய்விடும், அதற்குள் இடம் பிடிக்க வேண்டும். கார் வைத்திருந்த பாவத்துக்கு நான் டிரைவர்.

முதலில் இடம் பார்க்க நாங்கள் இருவர் மட்டும் அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் போனோம். பூ நன்றாகத்தான் கொட்டிக் கிடந்தது. ஆனால் ஒரு குடும்பம் கிடா வெட்டி, அண்டாவோடும் ஒலிபெருக்கியோடும் கரையில் குடியேறியிருந்தது. அண்ணாச்சி ஒலிபெருக்கிக்கு மேலே ஒலித்து, “கொஞ்சம் மெதுவா வையுங்க” என்றார். அவர்கள் பயந்துபோய் எங்களுக்கு இலை போட்டார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது செண்பகத்தோப்பு. கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து பைக்கில் வந்த காலேஜ் மாணவர்கள், ரீல்ஸுக்குப் பூ மழை வேண்டுமென்று புங்கை மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். “ஏலே! மரத்த விடுங்கலே!” என்று அண்ணாச்சி ஒரு குரல் கொடுத்தார். மாணவர்கள் ஓடினார்கள். குரங்குகளும் ஓடின. நானே இரண்டடி ஓடித்தான் நின்றேன். ஆற்றங்கரை அப்படியே அடங்கியது. அண்ணாச்சி முகம் மலர்ந்து, “பாத்தியா தம்பி, எம்புட்டு அமைதி!” என்றார். அதுவரை பொறுத்திருந்த கொக்குகளும் அதோடு எழுந்து போய்விட்டன.

கடைசியில் அமைந்தது மகாராஜபுரத்துப் பக்கம், தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் ஆறு வளைகிற ஓர் இடம். ஆறு என்று பேர்தான், பங்குனியில் கணுக்கால் அளவுத் தண்ணீர். கரை நெடுகப் பொரியை வாரி இறைத்ததுபோல் புங்கம்பூ. ஆள் இல்லை, வண்டி இல்லை. மறுநாளே மதினியைக் கூட்டிப் போனோம்.

மதினி மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் விழுந்த பூக்களைத் தட்டிவிடாமல் ஏதோ சொன்னார். அண்ணாச்சி காதை நீட்டினார். “கேக்கல. காத்தடிக்குல்லா, அதான்.” ஓர் இலைகூட ஆடவில்லை. மதினி மறுபடி சொன்னார். “தண்ணி சலசலங்கு, அதான்.” மூன்றாவது முறையும் சொன்னார். இந்தமுறை பழி போட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “காதுதான் போயிருச்சு போல, தம்பி” என்றார். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மதினி அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு விரலைச் சுழற்றி, உள்ளங்கையைத் தட்டி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். அண்ணாச்சி திகைத்துப் போனார். பிறகு அவருடைய விரல்களும் எழுந்தன. மில்லுக்குள் எவ்வளவு கத்தினாலும் பாதிதான் கேட்கும் என்பதால், அங்கே எல்லோரும் இப்படித்தான் உதடும் கையுமாகப் பேசிக்கொள்வார்களாம். இழை அறுந்ததற்கு ஒரு சைகை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை. வேலையை விட்டதும் அதையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசித் தீர்த்தார்கள்.

திரும்பும்போது பின் சீட்டில் மதினி தூங்கிவிட்டார். ஊருக்குள் நுழைந்ததும் நான் தாங்க முடியாமல், “மதினி அப்படி என்னதான் சொன்னாக, அண்ணாச்சி?” என்று உரக்கக் கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில் முழங்கினார்: “ஆபரேசனுக்குப் பொறவு நாந்தான தம்பி சமைக்கேன்? ‘உங்க ரசத்துல ஒருநாளும் உப்பில்ல, அதச் சொல்ல முடியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்’ங்கா!”

தெருமுனை வந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நான் கார்க் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டேன்.