முகர்ந்து பார்க்காத மாப்பிள்ளை

என் கணவரை நான் முகர்ந்து பார்க்காமலேயே சம்மதம் சொன்னவள். இதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் தம்பி சொல்வான், அவன் சொன்னால் இரண்டு மடங்காகச் சொல்வான்.

எண்பதுகளில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மூக்கும் முழியுமாக இருப்பேன் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பேர். ஆனால் அந்த மூக்கு பார்வைக்கு மட்டும்தான். பதினாறு வயதிலேயே உள்ளே சதை வளர்ந்து அடைத்துக்கொண்டது. எட்டு வருஷமாக வாயால்தான் மூச்சு. மல்லிகையும் ஒன்றுதான், மாட்டுச் சாணமும் ஒன்றுதான். வீட்டில் கருவாடு கழுவுவது, அடைத்த சாக்கடையைக் குத்திவிடுவது எல்லாம் என் இலாகா. (அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவ்வளவு விவரம்.)

அந்த நிலையில்தான் ராசா என்ற ஊரிலிருந்து சேகர் என்னைப் பெண் பார்க்க வந்தார். ரப்பர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், நிரந்தர வேலை, குடி கிடையாது. அவர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அத்தை முந்தானையை மூக்கில் வைத்தபடியே பலகாரம் பரிமாறினாள். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஊரையே அதட்டிய அப்பா, சன்னல் ஓரத்து நாற்காலிக்கு மாறி வெளியே எதையோ ரசித்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். சேகரின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன் மூன்று இடத்தில் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்களாம். எனக்கு எவ்வளவு நல்ல குணம் என்று அந்த அம்மாள் புகழ, நானும் ஆமாம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். சேகர் வேலை பார்த்தது ஒட்டுப்பால் அரைக்கும் ஆலை. கோப்பையில் உறைந்து, மூட்டையில் நாள்கணக்கில் ஊறி அழுகிய ரப்பர் அங்கே லோரி லோரியாக வந்து இறங்கும். அந்த வாடை தலைமுடிக்குள் ஏறிவிட்டால் சோப்பு, பவுடர், சென்ட் எதுவும் செல்லாது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்தது. இவளுக்குத்தான் தெரியாதே, எவ்வளவு பொருத்தம் என்று அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அம்மாவுக்கு வேறொரு கவலை. என் குறட்டை. போகிற வீட்டில் முதல் ராத்திரியே மானம் போய்விடும் என்று பயந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது என்னைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். குறட்டை போனால் கூடவே என்ன வரும் என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பிய ஒரு சீன டாக்டர். பென்சிலை விட மெல்லிய ஒரு குழாய், அதன் நுனியில் வெளிச்சம். முகத்தில் கத்தி படாது, மூக்குத் துவாரம் வழியாகவே பார்த்துப் பார்த்துச் சதையை எடுத்துவிடலாம் என்றார். முன்பெல்லாம் இருட்டில் கம்பியை விட்டு இழுத்த கதையையும் கூடவே சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மரத்துப் போகிற மருந்தில் நனைத்த பஞ்சை இரண்டு பக்கமும் திணித்தார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் கேட்டது. என் மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். டாக்டர் ஒரு கண்ணை மூடிக் குழாயில் பார்த்துவிட்டு, "பியூட்டிஃபுல்" என்றார். என் வாழ்நாளில் ஓர் ஆண்பிள்ளை என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது என் சைனஸைப் பார்த்து.

பன்னிரண்டாவது நாள் மறுபடி போனேன். அதே குழாயை விட்டு, காய்ந்து ஒட்டியிருந்த பொருக்கையெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தார். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது என்று மறுபடி எச்சரித்து அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சுரீரென்று ஏதோ உறைத்தது. டீசல். எட்டு வருஷத்துக்குப் பிறகு. அம்மாவின் தலையில் தேங்காயெண்ணெய், பக்கத்து மலாய்க்காரம்மாளின் கூடையில் பண்டான் இலை என்று ஒவ்வொன்றாக வந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அம்மாவும் அழுதாள். பாதி வழியில் அம்மாவின் அழுகை திடீரென்று நின்றது. எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே சேகரும் அவர் அம்மாவும் கல்யாணப் புடவையோடு வந்து இறங்கினார்கள். வாடகைக் காரில்தான் வந்தார்கள், மழைத் தூறலில் நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. சேகர் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில், புடவைத் தட்டைக் கையில் கொடுத்து, இரண்டு பேர் காலிலும் விழுந்து வாங்கிக்கொள் என்றாள் அத்தை. டாக்டர் குனியாதே என்றது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு நடுவே அதைச் சொல்ல வெட்கம். குனிந்தேன். புத்தம் புது மூக்கு சேகரின் முழங்காலருகே போய் நின்றது.

அடுத்து நடந்ததை நாகரிகமாகச் சொல்ல முடியாது. மதியம் சாப்பிட்டது அத்தனையும் அரக்குப் பட்டின் மேல் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெண் வாந்தி எடுத்தால் சனம் என்ன நினைக்கும்? சேகரின் அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் தலை முதல் வயிறு வரை பார்த்தார், பார்வை வயிற்றிலேயே நின்றது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார்.

அம்மா ஆஸ்பத்திரி மருந்து என்றாள். அப்பா தோட்டத்துத் தண்ணி என்றார். ஆளுக்கொரு காரணம் சொன்னதில் சந்தேகம் கூடிப்போனது. உண்மையைச் சொன்னால் அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவேன். சொல்லாவிட்டால் என் பெயர் நாறும். கல்யாணமும் மானமும் சேர்ந்தே போகப் போகிறது என்று நினைத்தேன்.

சேகர்தான் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு வாசனை தெரிய ஆரம்பிச்சிருச்சா?"

தலையாட்டினேன். அவர் கதவு வரைக்கும் பின்வாங்கி நின்று, இப்போது எப்படி என்றார். கொஞ்சம் தேவலை என்றேன். படி இறங்கி, தூறலில் ஜம்பு மரத்தடிக்குப் போய் அங்கிருந்து கேட்டார். பரவாயில்லை என்றேன்.

"அம்மா, பொண்ணு மேல தப்பில்ல. நான்தான்."

"என் புள்ள நாறுதா?" என்று சேகரின் அம்மா எல்லாரையும் பார்த்தார். தினமும் அந்தச் சட்டையைத் துவைப்பவர், அவர் மூக்கு எப்போதோ பழகிவிட்டது. முதலில் தம்பி தலையசைத்தான். பிறகு அத்தை. கடைசியில் அப்பா, சன்னலைப் பார்த்தபடியே. எனக்குக் கோபம் பொங்கிவந்தது. தோட்டம் முழுக்கத் தெரிந்த ஒன்று, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மட்டும் தெரியவில்லை.

சேகர் மரத்தடியிலிருந்தே பேசினார். "இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வேலைய விட முடியாது. மூணு தங்கச்சி படிக்குது."

தூறல் மழையாகிவிட்டது. கூரைக்குள் வந்தால் என் மூக்குக்கு எட்டும் என்று அந்த மனுஷன் அங்கேயே நனைந்துகொண்டு நின்றார். ஒருவர் எனக்காக அப்படி நின்றது அதுவரை கிடையாது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

"பரவாயில்ல லா. வாயால மூச்சு விட்டு எனக்கு எட்டு வருசப் பழக்கம்."

புடவை மட்டும் வேறு வாங்கினோம்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனபின், அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் எழுந்தேன். தலையணையை முகர்ந்தேன், அவர் சட்டையை முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. மறுபடி சதை வளர்ந்துவிட்டது என்று அழுதுகொண்டே டாக்டரிடம் ஓடினேன். இப்போது டிவியே வைத்திருக்கிறார்கள். அதில் என் மூக்கின் உட்புறத்தைக் காட்டி, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். ஆலைக்குப் போகாத மனுஷனிடம் வாடை எங்கிருந்து வரும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்றைக்கு வந்திருந்த தம்பி தரையில் உருண்டு சிரித்தான், இன்றைக்கும் விசேஷ வீடுகளில் இதைச் சொல்லித்தான் பந்தியைத் தொடங்குகிறான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கொல்லையில் கட்டிப் போட்டிருந்த பழைய ஆலைச் சட்டையை எடுத்து வந்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.