யாரையும் புண்படுத்தாத வீடியோ

உலகில் எந்தச் சொல்லும் எந்தச் சமூகத்தையும் புண்படுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்ட முதல் மகான்கள் நாங்கள்தான். ‘இணையச் சமத்துவக் குழு’ என்று பெயர். நான் அதன் செயலாளர். விளிம்புநிலை மக்களின் மனம் நோகாதிருக்க, கெட்ட சொற்களைப் பிடித்து நீக்கும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறோம். அது சாப்பிடாது, தூங்காது, யோசிக்கவும் செய்யாது.

அது நீக்கிய ஒரு பதிவைத் திரும்பக் கேட்டு ஒரு பெண் வந்தார். அவருடைய கணவர் சாக்கடைக் குழிக்குள் விஷவாயுவில் செத்துப்போனவர். ஒப்பந்தக்காரர் அவரை உள்ளே இறக்கியதை, உடன் வேலை பார்த்தவர் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார். அந்தப் போனை ஒப்பந்தக்காரர் பிடுங்கிக்கொண்டதால், மிச்சமிருந்த ஒரே பிரதி எங்களிடம்தான். அடுத்த வாரம் விசாரணை.

“ஏன் சார் தூக்குனீங்க?”

“அதுல ஒரு கேவலமான சொல் இருக்கும்மா,” என்றார் தலைவர், மிகுந்த கனிவோடு.

“எது?”

தலைவர் கூச்சத்துடன் அதைத் துண்டுத்தாளில் எழுதி, மடித்து நீட்டினார்.

“இது எங்க சனத்தோட பேரு சார்!”

“உஷ்! சத்தமாச் சொல்லாதீங்க. உங்க மனசு புண்படும்.”

“என் பேரைச் சொன்னா எனக்கு எதுக்குப் புண்படுது?”

“அது உங்களுக்குத் தெரியாதும்மா. அதுக்குத்தானே நாங்க படிச்சிருக்கோம்,” என்றார் சமத்துவ ஆலோசகர்.

“அந்தப் பேரைச் சொல்லி, ‘உங்களுக்கெல்லாம் முகமூடி ஒரு கேடா, எறங்குடா’ன்னது கண்ட்ராக்டர். அவரை விட்டுட்டீங்களே?”

“அவர் நேர்ல சொன்னாரு. நேர்ல சொல்றது எங்க அதிகாரத்துல வராது.”

“நெட்லயும் எழுதிப் போட்டிருக்காரே! ‘குடிச்சிட்டுத் தானா விழுந்தான், அந்தக் கூட்டமே அப்படித்தான்’னு!”

இயந்திரத்தைக் கேட்டோம். அதில் ஆட்சேபத்துக்குரிய சொல் எதுவும் இல்லை என்றது. ஒப்பந்தக்காரர் எவ்வளவு நாகரிகமான மனிதர்!

“வீடியோவை மட்டுமாவது குடுங்க சார். எனக்கு வேற சாட்சி கிடையாது.”

“தரலாம். ஆனா கண்ட்ராக்டர் முகம் தெரியுது. சமத்துவம்னா அவருக்கும்தானேம்மா?”

ஒப்பந்தக்காரரின் முகத்தை மறைத்தோம். அந்தச் சொல் வந்ததால் குரலை முழுதும் எடுத்தோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மிஞ்சிய காட்சியில், ஒரு மனிதர் அமைதியாகக் குழிக்குள் இறங்கினார்.

அந்தப் பெண் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

“இதுல அவரா எறங்குன மாதிரியில்ல சார் இருக்கு?”

“பாத்தீங்களா! யார் மனசும் நோகலை.”

விசாரணை முடிந்துவிட்டது. அவராகவே இறங்கினார், யார்மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு. ஆதாரம், எங்கள் வீடியோ. பாவம், ஒப்பந்தக்காரருக்கு ஆளை உள்ளே இறக்க மட்டும்தான் தெரியும். மேலே மண்ணைப் போட்டு மூட, எங்களைப் போலப் படித்தவர்கள் வேண்டியிருந்தது.