முன்கூட்டியின் மூன்று ரிசீவர்கள்

இந்தத் தீவில் நாற்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். என்னைப் பேச்சில் மடக்கியவன் கிடையாது. அதிகாரிகள், கப்பல் ஏஜெண்டுகள், கல்யாணத் தரகர்கள் எல்லாரும் முயன்று பார்த்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட என்னை என் கடை வாசலிலேயே நிற்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து வேலை வாங்கிய ஒரே மனிதன் முன்கூட்டி. உலகத்தில் எதுவுமே தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்த ஒரே பிறவியும் அவன்தான்.

அது அவன் பெயர் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால், "பாலு தீரப் போவுதுன்னா முன்கூட்டியே சொல்லிறணும்" என்பான். சவரக்கடையில் மூக்குக்குக் கீழே கத்தி வரும்போது, "தும்மல் வரப் போவுதுன்னா முன்கூட்டியே நான் சொல்லிர்றேன், வெட்டப் போறீங்கன்னா நீங்க சொல்லிருங்க" என்பான். சவரக்காரர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

தெற்கே தள்ளிக் கிடக்கும் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன். அவன் அப்பா காலத்தில் சிலோன் மலையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சுனாமியன்று காலையில் டிராக்டர் சக்கரத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தானாம். ஜனங்கள் ஓடினார்கள். "என்னாங்க, என்னாங்க?" என்று கேட்டிருக்கிறான். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவன் மனைவி கடலோரம் கடைக்குப் போயிருந்தாள். இவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, விம்பர்லிகஞ்சில் வாடகை ஜீப் ஓட்டினான்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். படிப்பு நாலாங்கிளாஸ். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில் வந்து இறங்கினேன். இன்று சாத்தம் ஜெட்டிக்கு எதிரிலேயே மோட்டார் சாமான் கடை, மேலே குடோன், வாசலில் இரண்டு லாரி. என் கடையில் 'இல்லை' என்ற வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அன்று இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் வரும்.

ஒரு நாள் காலையில் முன்கூட்டி வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கார் ஜிபிஎஸ்ஸுக்கு டிராபிக் ரிசீவர் இருக்குங்களா?"

அப்படி ஒரு சாமான் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதைக் காட்டிக்கொள்கிற ஆளா நான்?

"எந்த மாடல் வேணும்வே?" என்றேன்.

சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவருக்கு அவன் இரண்டு வருஷம் வண்டி ஓட்டினான். ஊருக்குப் போகும்போது அவர் தன் ஜிபிஎஸ் பெட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டிக்கு எங்கள் ஊர் தெரியாது. அதன் கணக்கில் இங்கே எல்லாமே கடல். ஜீப் மலை ஏறினாலும் திரையில் நீலத் தண்ணீருக்குள் ஓர் அம்பு நீந்திக்கொண்டிருக்கும். முன்கூட்டிக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு வரி வருமாம். செல்வி படித்துச் சொல்லியிருக்கிறாள்: டிராபிக் ரிசீவர் இணைக்கப்படவில்லை. அந்த ரிசீவர் எதற்கு? முன்னால் ரோட்டில் எங்கே நெரிசல், எங்கே அடைப்பு என்று காற்றில் வருகிற சேதியைப் பிடித்து, நாம் போய்ச் சேருவதற்கு முன்பே சொல்லிவிடும்.

முன்பே சொல்லிவிடும்! அவன் காதில் இதைப் போட்டது செல்வி செய்த தப்பு.

"செல்விக்கு மெயின்லேண்டுல நர்ஸ் படிப்புக்கு எடம் கெடைச்சிருக்குங்க. ஜூலைல கப்பல். அதை விட்டா அடுத்த கப்பலு போய்ச் சேர்றதுக்குள்ள சீட்டு போயிரும். அன்னைக்கு எந்தப் பக்கம் போவணும்னு எனக்கு முன்கூட்டியே தெரியணும்."

அவன் கவலை எனக்குப் புரிந்தது. விம்பர்லிகஞ்சிலிருந்து டவுனுக்கு வர இரண்டு வழி. பம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு இறங்கி, வண்டி ஏற்றுகிற படகில் ஏறினால் இருபது நிமிஷத்தில் என் கடை வாசல். இல்லையென்றால் மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். படகை நம்பி ஜெட்டியில் இறங்கிவிட்டால் முன்னால் வண்டி, பின்னால் வண்டி, பக்கத்தில் கடல். திரும்ப முடியாது.

"முந்தின நாளே வந்து என் வீட்டுல தங்குங்களேன்வே."

"சர்ட்டிபிகேட்டுல கையெழுத்து அன்னைக்குக் காலையிலதான் போடுவாங்களாம். அந்தக் கரை ஆபீசுல."

சென்னைக்குச் சொல்லி அனுப்பினேன். ரிசீவரில் மூன்று வகை உண்டு என்று பதில் வந்தது. எது நல்லது என்று யோசித்து நேரத்தை வீணாக்குகிற ஆள் நான் இல்லை. மூன்றையும் வரவழைத்தேன்.

முதலாவது, சார்ஜர் வயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிற வகை. சொருகிவிட்டு முன்கூட்டி என் கடை வாசலில் ஜீப்புக்குள் உட்கார்ந்தான். 'தேடுகிறது' என்று திரையில் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பெட்டியும் தேடிக்கொண்டிருந்தது, அவனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவதுக்கு நீளமாக ஒரு ஏரியல் வயர். கண்ணாடியில் ஆறு இடத்தில் ஒட்டிப் பார்த்தான். பிறகு என் குடோன் மாடியில் ஏறி, துணி காயப்போடும் கொடியில் என் மனைவியின் புடவைகளுக்கு நடுவே கட்டினான். "யாருய்யா அது, என் சேலைக்கு கரண்ட் குடுக்கிறது?" என்று அவள் போட்ட சத்தம் அக்கரைக்கே கேட்டிருக்கும். பெட்டிக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது, செல்போன் நெட் வழியாகச் சேதி பிடிப்பது. அப்போதெல்லாம் எங்கள் ஊர் நெட்டில் ஒரு போட்டோ இறங்குவதற்குள் படகு இரண்டு தடவை போய்வந்துவிடும்.

செல்வி அட்டைப்பெட்டியின் முதுகைத் திருப்பிப் படித்தாள். "அப்பா, இது எந்தெந்த நாட்டுல வேலை செய்யும்னு லிஸ்ட் போட்டுருக்கான். இந்தியாவே இல்லப்பா." என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, உங்களுக்கும் தெரியாதுன்னு ஒத்துக்கிருங்க."

நான் கால்குலேட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். முன்கூட்டி அசரவில்லை.

"நம்ம பேரு எந்த லிஸ்டுலம்மா மொதத் தடவையே வந்துருக்கு? வீட்டு லிஸ்டுலயா, நெவாரண லிஸ்டுலயா? போயி நின்னுக்கிட்டே இருந்தாத்தான் வரும்."

இரண்டு நாள் கழித்து முடிவோடு வந்தான். ரெண்டாவது ரிசீவரையே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். வயர் பார்க்க லட்சணமாக இருந்ததாம்.

"ரிசீவர் மேல தப்பில்லங்க. அது காதைத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கு. சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல. நீங்க கல்லாவுல ஒக்காந்தா ஜெட்டி முழுசாத் தெரியுதுங்களா, இல்லைங்களா?"

"தெரியுது. அதுக்கு?"

"இங்க லைன் நீண்டா படகு அந்தக் கரைக்குத் திரும்ப நேரமாவுங்க. தினமும் ஒம்போதரைக்குப் போனைப் போட்டுச் சொல்லுங்க."

"ஏன்வே, நான் கப்பலேறி வந்தது ஒனக்கு ஜீப்பு எண்ணிச் சொல்லவா?"

"நாலாங்கிளாஸ்ல எண்ண மட்டும் கத்துக் குடுத்துருப்பாங்கள்ல?"

மறுநாள் ஒன்பதரைக்கு நான் போனைக் கையில் எடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. 'கொஞ்சம் கூட்டம்' என்றால் ஒத்துக்கொள்ள மாட்டான். "கொஞ்சம்னா எது வரைக்குங்க? டீக்கடை வரைக்குமா, மீன்கடை வரைக்குமா?" நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, "மீன்கடை தாண்டி ரெண்டு லாரி, ஒரு ஆட்டோ, ஒரு கல்யாண கோஷ்டி" என்பேன். "கல்யாணம் போறதா, திரும்புறதா?" என்பான். அக்கரையில் அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜிபிஎஸ் பெட்டிக்கு முன்னால் பிடிப்பானாம். பெட்டியும் கேட்டுக்கொள்ளட்டும் என்று. செல்வி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை என்று எடுத்துவிட்டால் நான் மோசமாகச் செய்வதில்லை. இரண்டு மாதத்தில் ஜெட்டியில் எந்த டிரைவர் எங்கே வெற்றிலை போடுவான் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. முன்கூட்டி ஜீப்பில் ஏறியவர்கள் யாரும் கப்பலையோ விமானத்தையோ தவறவிட்டதில்லை.

ஜூலை வந்தது. கப்பல் நாளும் வந்தது. பன்னிரண்டு மணிக்குத் துறைமுக கேட்டை மூடுவார்கள். ஒன்பதரைக்குள் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துவிடும். இரண்டு வழியும் பிரிகிற முச்சந்தியில் ஜீப்பை நிறுத்திவிட்டு என் போனுக்குக் காத்திருப்பதாக ஏற்பாடு. நான் எட்டு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் படகு ஏற்றத் தொடங்கியது. சிமெண்ட் ஏற்றிய ஒரு லாரி முன்சக்கரத்தைப் படகில் வைத்தது. டமார் என்று ஒரு சத்தம். லாரி அப்படியே நின்றுவிட்டது. முன்பாதி படகில், பின்பாதி ஜெட்டியில். படகு நகர முடியாது, அடுத்த படகு கட்ட இடமில்லை, நடந்து போகிறவன்கூட ஏற முடியாது.

டிரைவர் குதித்து இறங்கி என்னைப் பார்த்துக் கத்தினான்: "மாலிக்! ஆக்சில் டூட் கயா!"

ஆக்சில் உடைந்துவிட்டதாம். மாலிக், அதாவது முதலாளி, என்றது என்னைத்தான். லாரி என்னுடையது. ஆக்சில் என் கடைச் சாமான். என் வண்டி நடுரோட்டில் நின்றதாக எந்தப் பயலும் சொன்னதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒன்பதரை. போனைக் கையில் எடுத்தேன். என்னவென்று சொல்வது? 'உன் மகள் போகிற வழியை நான்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறேன்' என்றா? ஐந்து நிமிஷத்தில் தள்ளி எடுத்துவிடலாம், பிறகு 'லைன் சுத்தம்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முப்பது பேரைக் கூப்பிட்டேன். "ஜோர் சே!" என்று பெங்காலி, தெலுங்கு, மலையாளி எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். என் வெள்ளைச் சட்டை கறுப்புச் சட்டை ஆனதுதான் மிச்சம். மணியைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது.

அந்த இருபது நிமிஷத்துக்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இத்தனை வருஷத்தில் வேறெதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

நம்பரை அமுக்கினேன். "யப்பா, ஜெட்டிக்கு எறங்கிராத. அடைச்சுக் கெடக்கு. என் லாரிதான். என் லாரியேதான். சுத்தி வந்திரு, இப்பவே கெளம்பு..."

"நாங்க மலை ஏற ஆரம்பிச்சிட்டோங்க" என்றான் முன்கூட்டி.

"எப்படிவே? நான்தான் சொல்லவே இல்லியே?"

"அதாங்க சேதி. ரெண்டு மாசமா ஒம்போதரைன்னா ஒம்போதரை. இன்னைக்கு அஞ்சு நிமிஷம் சத்தமில்ல. அண்ணாச்சி பேசலைன்னா அங்கென்னமோ பெருசா ஆயிருச்சின்னு வண்டியைத் திருப்பிட்டேன். நீங்க பேசாம இருக்கிறது சாதாரண விஷயமா?"

பின்னால் செல்வி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பொத்தென்று சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு ரேடியேட்டரில் ஆவி பறக்க ஜீப் துறைமுக வாசலில் வந்து நின்றது. நான் அதே சட்டையோடு அங்கே நின்றேன். செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், திரும்பி வந்து, "பெரியப்பா, அப்பாவுக்கு ஒம்போதரைக்குப் போன் போடுறத நிறுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். முன்கூட்டி அழவில்லை. கடல் எப்படி இருக்குமென்று கப்பல்காரர் ஒருவரைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தான்.

செல்வி இப்போது மெயின்லேண்டில் நர்ஸ். முன்கூட்டி கட்சாலுக்கே திரும்பிப் போய்விட்டான். புது வீடு, அதே ஜீப், ஒற்றை ரோடு. அங்கே வண்டி நெரிசல் என்றால் ஒரு மாடு குறுக்கே படுத்திருக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும் ஒன்பதரைக்கு நான் போன் போடுகிறேன். சாத்தம் ஜெட்டியில் லைன் எது வரைக்கும் நிற்கிறது என்று எண்ணிச் சொல்கிறேன். அவன், "லாரி எதுவும் மாட்டலைங்களே?" என்று கேட்டுவிட்டு வைக்கிறான். ரெண்டாவது ரிசீவர் இன்னமும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதாம்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. ஒன்பது முப்பத்தைந்துக்கு என் போன் அடித்தது.

"அண்ணாச்சி, ஒடம்புக்கு என்னாங்க?"

"ஒண்ணுமில்லவே, லேசாக் காய்ச்சல்" என்றேன். பின்னால் ஜீப் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. கட்சாலுக்கும் எனக்கும் நடுவில் முழுக்கக் கடல். ஆனால் அவன் பெட்டியில் ஜீப் கடலில்தானே ஓடும்? வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பி வந்தாலும் வந்துவிடுவான். இப்போதெல்லாம் ஒன்பது இருபத்தொன்பதுக்கே போனைக் கையில் எடுத்துவிடுகிறேன்.