உப்பென்று நினைத்துத் துடைத்த ஆம்ப்ளிஃபையர்

தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் வியாதி புது மருமகளுக்கு மட்டும் வரவே கூடாது. எனக்கு அது முற்றிய நிலையில் வந்தது. ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட முதல் மாதத்திலேயே மீன் ஆய்வதில் தோற்று, குழம்பிலும் தோற்றிருந்தேன். மிச்சமிருந்தது என் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ ஒன்றுதான். (பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கம்மா அதை நகைகளோடு சேர்த்துச் சொல்லியிருந்தார்.)

நான் வளர்ந்தது எம்.கே.பி. நகரில். அங்கே வீட்டுக்குள் தூசி வரும், உப்பு வராது. இங்கோ ஜன்னல் கம்பி, மின்விசிறி, சைக்கிள் என்று எல்லாவற்றிலும் கடல் காற்றின் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். என் மாமியார் ஆரோக்கியம் காசிமேட்டில் மீன் விற்கிறவர். வந்த வாரமே கையில் துணியும் தேங்காயெண்ணெயும் கொடுத்துப் பாடம் எடுத்தார்.

"வெள்ளையா இன்னா கண்டாலும் தொடச்சிடு ஸ்டெல்லா. வுட்டா இரும்பையே துன்னுடும். அப்பறம், செதிலு எங்க ஒட்டிகினு இருந்தாலும் சொரண்டிடு. எறும்பு வந்துடும்."

டிப்ளமோவில் நடத்திய எதையும் நான் இவ்வளவு சிரத்தையாகக் கேட்டதில்லை.

மாமனார் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய உயிர் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரில் இருந்தது. அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் தெருவில் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, தினம் ஒரு வீட்டுக்கு வரும், சாயங்காலம் ஜெபமாலை நடக்கும். எந்த வீடானாலும் மைக் செட் மாமாவுடையது, பாட்டு அத்தையுடையது. அத்தை பாடி முடிக்கும்வரை மாமா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் வைத்த கையை எடுக்கமாட்டார். மகன் சகாயம், அதாவது என் வீட்டுக்காரர், அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அனுமதியில்லை.

அந்த வருடம் சுரூபம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய வாரத்தில் ஆம்ப்ளிஃபையர் படுத்துவிட்டது. போட்டால் 'உம்ம்' என்று ஒரே முனகல். மாமா சோறு சாப்பிடாமல் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"டிரான்சிஸ்டர் போயிருக்கும் மாமா. நான் பாக்கறேன்" என்றேன். இதில் ஜெயித்தால் இந்த வீட்டில் நானும் ஒரு ஆள். தோற்றால் குழம்புக்கு மேல் ஒரு அவமானம், அதுவும் தெருவே பார்க்க.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "டிப்ளமா படிச்ச பொண்ணு. அதுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். சகாயம் வாயைப் பிளந்தார்.

உண்மையைச் சொல்வதானால் ஆரம்பம் நன்றாகவே போனது. பின்பக்க அலுமினியத் தகட்டில் வரிசையாக நான்கு பெரிய டிரான்சிஸ்டர்கள், தொப்பி போட்ட இரும்பு வட்டங்கள். மேலே எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். கழற்றி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் மூன்று ஒழுங்காக இருந்தன. ஒன்று மட்டும் எந்தக் காலில் எப்படித் தொட்டாலும் 'பீப்' என்று கத்தியது. உள்ளே எல்லாம் ஒட்டிப்போய்விட்டது என்று அர்த்தம்.

"கால் ரெண்டுதானே இருக்கு? டிரான்சிஸ்டருக்கு மூணு இருக்கணும்னு சொன்ன?" என்றார் சகாயம்.

"இதுக்கு உடம்பேதான் மூணாவது கால். உடம்பு முழுக்க கரண்டு இருக்கும்" என்றேன் பேராசிரியை போல. (இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சகாயம் இன்றுவரை வைத்திருக்கிறார்.)

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதே எண்ணுள்ள டிரான்சிஸ்டர் கிடைத்தது, சுரூபம் வரும் நாளன்று மதியம். நான் வேலை பார்க்கும் இடத்தில் அரை நாள் லீவு போட்டு ஓடிவந்து மாட்டப்போனால், தகட்டில் டிரான்சிஸ்டர் உட்காரும் நான்கு இடத்திலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன்மேல் மெல்லிசாக, கண்ணாடி மாதிரி, என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

உப்பு! செதில்!

இந்த வீட்டில் செதில் ஒட்டாத பொருளே கிடையாது. ஆம்ப்ளிஃபையரையும் விடவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு, நான்கு இடத்தையும் நகத்தால் சுரண்டினேன். பொடிப்பொடியாக வந்தது. துணியில் எண்ணெய் தொட்டுத் தகட்டைப் பளபளவென்று துடைத்தேன். அந்த வழியாகப் போன அத்தை எட்டிப் பார்த்து, "இப்பத்தான் இந்த வூட்டுப் பொண்ணு மாதிரி கீற" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வெள்ளை, சூடு கடத்துவதற்காகப் பூசும் பசை. அந்தச் செதில், டிரான்சிஸ்டரின் உடம்பு தகட்டில் பட்டுவிடாமல் இருக்க நடுவே வைக்கும் மைக்காத் தகடு. என் பழைய பாடப்புத்தகத்திலேயே படம் போட்டிருந்ததை மறுநாள் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் ரோஜாப்பூ வரைந்து வைத்திருக்கிறேன்.

கடைசித் திருகை முறுக்கும்போது தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஆம்ப்ளிஃபையரைச் சுரூபம் வைக்கும் மேசைக்கு அடியில் தள்ளி, வெள்ளைத் துணியால் மறைத்தோம்.

"போட்டுப் பாத்துட்டியாமா?"

"தேவையில்ல மாமா. சரியா இருக்கும்."

மாதா வந்து மேசையில் அமர்ந்தார். முற்றம் நிறையக் கூட்டம். மாமா பக்தியோடு குனிந்து சுவிட்சைப் போட்டார். டொக்கென்று ஒரு சத்தம். பிறகு மேசையின் இரண்டு பக்கமும் துணிக்கு அடியிலிருந்து வெண்புகை எழுந்து சுரூபத்தைச் சூழ்ந்தது.

முன்வரிசைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "சாம்பிராணி ஏற்பாடு பிரமாதம்" என்று ஜெபம் நடத்த வந்த பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கையைக் கூப்பினேன். வேறென்ன செய்வது? அடுத்து வீட்டில் அத்தனை விளக்கும் அணைந்தது. கருகிய நாற்றம் வந்தது.

"இன்னாபா இது, சாம்பிராணி கலீஜா நாறுது?" என்றது இருட்டில் ஒரு குரல்.

ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய் எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்க வேண்டும். போகவில்லை. ஃப்யூஸ் அடிக்கடி போய்த் தொல்லை கொடுக்கிறது என்று அந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார் மாமா. டிரான்ஸ்பார்மர் வெந்துபோனதற்கு எங்கள் இருவருக்கும் சம பங்கு. இதை நான் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிவிடுவேன்.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அப்போது மைக் இல்லாமலே அத்தை பாட ஆரம்பித்தார். காசிமேட்டில் ஏலக் கூச்சலுக்கு மேலே தன் மீனுக்கு ஆள் கூப்பிடும் குரல் அது. தெருமுனையில் கண்டெய்னர் லாரிகள் உறுமியும் ஒரு சொல்கூட அமுங்கவில்லை. கடைசி வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஜெபம் முடிந்ததும் எதிர்வீட்டு அக்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இம்மாம் பெரிய கொரலா உனக்கு? மைக்குல பாடும்போது பூனை மாதிரி கேக்குமே!"

அத்தை யோசித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, குமிழில் கை வைத்தே பழகிய தன் புருஷனைப் பார்த்தார். மாமா சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்து, அந்தச் செப்புக் கம்பியை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

ஆம்ப்ளிஃபையர் பிறகு கடைக்குப் போய்ப் பிழைத்து வந்தது. இன்றும் நான் துணியோடு எதை நெருங்கினாலும், "ஸ்டெல்லா, அது உப்பு இல்ல, வுடு!" என்று வீடே கத்துகிறது. என் மகள்கூட.

ஒருவர் மட்டும் கத்துவதில்லை. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் பிறப்பதற்கு முன், மாமா வெளியே போன நேரம் பார்த்து, அத்தை துணியும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பார்.

"அந்த மிசின ஒரு தபா தொடச்சி வச்சிடும்மே. அந்த வாட்டி மாதிரி நல்லா தொடை."