லோடு அண்ணாச்சி நிரப்பிய ஆனர்ஸ் வகுப்பு

உலகத்தில் காலி இடம் என்று ஒன்று இருக்கவே கூடாது என்பதற்காகப் பிறவி எடுத்து வந்தவர் எங்கள் லோடு அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் சிவகாசியில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் மனைவிமார் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதால் அந்த வழியும் அடைபட்டுப் போயிற்று.

ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றி வருவது அவர் தொழில். விடிவதற்கு முன்பே கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி என்று சுற்றுவார். தூங்குகிறவர்களை ஹாரன் அடித்தே எழுப்பி, வேனை நிரப்பிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் இறக்குவார். "அரை லோடு ஆகாதுலே" என்பது அவருடைய வேதம். ஆள் குறைந்தால் ரோட்டில் போகிறவர்களைப் பிடித்து ஏற்றுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய பெரியவர் ஒருவர் இவர் கண்ணில் பட்டு, சாயங்காலம் வரை கம்பெனியில் சரம் பின்னிவிட்டு வீடு திரும்பினார்.

இந்த வியாதி வேனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் ஓர் இலை காலியாகக் கிடந்தால் தெருவுக்கு ஓடி, யாரையாவது கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிடுவார். அப்படி ஒருமுறை இழுத்து வந்த ஆள், அந்தக் கல்யாண வீட்டோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. இலையில் உட்கார்ந்தவரை எழுப்ப முடியுமா? பாயசம் வருவதற்குள் இரண்டு குடும்பமும் ராசியாகிவிட்டது. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் இடம் கிடந்தால், பாதிப் படத்தில் வெளியே வந்து, "வாங்க, வாங்க, உள்ள எடம் கெடக்கு" என்று ஊரையே கூப்பிடுவார். டாக்கீஸ் முதலாளி இவரைக் கண்டாலே கதவைச் சாத்தச் சொல்லுவார்.

இந்த மனிதர் கையில்தான் என் ஆனர்ஸ் படிப்பு போய்ச் சிக்கியது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் இண்டர்மீடியட் தேறி நின்றேன். மேலே பி.ஏ. என்றால் இரண்டு வருஷம். ஆனர்ஸ் என்றால் மூன்று வருஷம், மரியாதையும் அதற்கேற்றாற்போல் அதிகம். அதற்கு மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும் என்றிருந்தபோது, விருதுநகரில் நான் படித்த கல்லூரியிலேயே சரித்திர ஆனர்ஸ் தொடங்கப் போவதாகச் செய்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பல்கலைக்கழகக் குழு பார்வையிட வரும் நாளில் எட்டு மாணவர்கள் நேரில் இருக்க வேண்டும். நாங்கள் இருந்ததோ ஐந்து பேர்.

என் அப்பா சிவகாசியில் புண்ணாக்குக் கடை வைத்திருந்தார். "விருதுநகர்னா படி. மெட்ராசுன்னா பேசாம வந்து கடையில ஒக்காரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக, எட்டுப் பேர் சேர்ந்தால் நான் ஆனர்ஸ். சேராவிட்டால் புண்ணாக்கு.

கடை வாசலில் நான் விசாரத்தோடு உட்கார்ந்திருந்தபோது, எருமைக்குப் புண்ணாக்கு வாங்க வந்தார் லோடு அண்ணாச்சி.

"ஏம்லே, எழவு வீட்டுக்காரன் மாதிரி ஒக்காந்திருக்க?"

கதையைச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒரே விஷயம்தான்.

"எட்டு எடத்துல மூணு எடம் காலியாவா கெடக்கு?" இப்போது எழவு வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டது அவர்தான். "ஆனர்ஸுன்னா என்னலே?"

"பி.ஏ. மாதிரிதான் அண்ணாச்சி, ஒரு வருசம் கூட. ஆனா பரீட்சை ஒரே தடவைதான். தவறினா மறுபடி எழுத முடியாது."

"அப்ப சரவெடின்னு சொல்லு. நடுவுல அணைஞ்சா போச்சு. நீ கவலப்படாத, லோடு என் பொறுப்பு."

மறுநாளே புறப்பட்டார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு பெரிய வீட்டில், "ஆடி பொறந்துருச்சு, இப்பப் போயி எதையும் தொடங்கக் கூடாது" என்று மறுத்தார்கள். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு நீங்கதான மொதலாளி சொல்லுவீக? இதுவும் வெதைப்புத்தான்" என்றார் அண்ணாச்சி. அந்த வீட்டுப் பையன் சேர்ந்தான். திருத்தங்கலில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்காரர், "பி.ஏ. ரெண்டு வருசந்தான? இது மூணு வருசமாமே?" என்று இழுத்தார். "அதே துணிதான், ஒரு முழம் கூடப் போட்டுத் தாராக. கூடக் குடுத்தா வேண்டாம்பீகளா?" அந்த வியாபாரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாவது ஆள் தாயில்பட்டி முத்தையா. அவன் தாத்தா காலம்வரை ஊரார் நிலத்தில் கூலி வேலை. இப்போது குடும்பமே பட்டாசுக் கம்பெனியில். அவர்கள் தெருவிலேயே இண்டர்மீடியட் தேறிய முதல் ஆள் அவன். தேறிவிட்டு அவனும் அண்ணாச்சியின் வேனில் ஏறித் தினமும் கம்பெனிக்குத்தான் வந்துகொண்டிருந்தான். ஒருநாள் கம்பெனி வாசலில் எல்லாரையும் இறக்கிய அண்ணாச்சி, "நீ எறங்காதலே. ஒனக்கு ஸ்டாப்பு வேற" என்று சொல்லிவிட்டார்.

முத்தையாவின் அம்மா மட்டும் பயந்தாள். "எம்புட்டு தூரம்! பய தனியா எங்கனயும் போனதில்லையே அண்ணாச்சி?"

"என் வண்டியில ஏறுன ஆள எங்கனயாச்சும் விட்டுட்டு வந்திருக்கேனா ஆத்தா?" என்றார் அவர்.

குழு வரும் நாளும் வந்தது. எட்டுப் பேரில் நான்கு பேர் விருதுநகர் ஹாஸ்டலிலேயே இருந்தார்கள். மீதி நான்கு பேர் இந்தப் பக்கம். வேன் ரிப்பேருக்குப் போகிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி எங்களை ஏற்றிக்கொண்டார். ஆனால் அவ்வளவு பெரிய வேனில் நாலே பேர்! அந்த மனிதருக்கு ஸ்டியரிங் பிடிக்கவே கை வரவில்லை. சிவகாசி எல்லை தாண்டுவதற்குள் கோழிக்கூடையோடு சந்தைக்குப் போன ஓர் ஆத்தா ஏறினாள். பிறகு கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன ஒரு குடும்பம். அதற்குப் பிறகு ஏறியவர்களை நான் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேரே கோழிக்கூடை இருந்தது.

திருத்தங்கலில் வண்டி கொதித்து நின்றது. முத்தையா இறங்கி ஓடி, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். "வழிக்கு இன்னொரு வாளி கொண்டாலே" என்று அனுப்பினார் அண்ணாச்சி. அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஓர் இடம் காலி! பக்கத்தில் ஒரு தவில்காரர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அவரைத் தவிலோடு தூக்கி அந்த இடத்தில் உட்கார வைத்து, "லோடு ரைட்டு!" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

கல்லூரி வகுப்பறையைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு மறுபடி அதே வியாதி கிளம்பியது. நாற்பது பேர் உட்காரும் அறையில் எட்டுப் பேர் உட்காருவதா? "எல்லாரும் உள்ள வாங்க, எடம் கெடக்கு!" என்று வேனையே உள்ளே கவிழ்த்துவிட்டார். குழுவினர் மூன்று பேரும் நுழைந்தபோது ஆனர்ஸ் வகுப்பு நிரம்பி வழிந்தது. எங்கள் சரித்திரப் பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

குழுத் தலைவர் முன்வரிசையைப் பார்த்து, "நீங்க யாரம்மா?" என்றார்.

"சந்தைக்கு வந்தேன் சாமி. எடம் இருக்குன்னாக, ஒக்காந்தேன். நீங்க ஏன் நிக்கீக? ஒக்காருங்க" என்றாள் ஆத்தா.

தலைவர் பட்டியலை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். ஏழு பேர் எழுந்து நின்றோம். "முத்தையா" என்றதும் கோழிதான் பதில் சொன்னது. "மதிய ரயிலுக்குள் எட்டாவது மாணவர் வராவிட்டால் ஆனர்ஸ் கிடையாது" என்று பட்டியலை மடித்துவிட்டார் தலைவர். எனக்குக் கண்ணுக்குள் புண்ணாக்கு மூட்டைகள் வரிசையாக வந்து நின்றன.

வெளியே ஓடினேன். "அண்ணாச்சி, முத்தையாவக் காணோம்!"

அவர் தலையில் கை வைத்தார். "தண்ணி எடுக்கப் போன பயலே... அவுக ஆத்தாகிட்ட என்னலே சொல்லிட்டு வந்தேன்?" அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குள் சந்தைக்குப் போகிறவர்கள் வேனில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். "எறங்குங்க!" என்று கத்தினார் அண்ணாச்சி. "எல்லாரும் எறங்குங்க!" அந்த வார்த்தையை அவர் கம்பெனி வாசலைத் தவிர வேறெங்கும் சொன்னதே இல்லை. ஆள் ஒருவர்கூட இல்லாமல் அந்த வேன் பறந்ததைப் பார்த்து, அவரைத் தெரிந்த ஒரு டீக்கடைக்காரர் ஏதோ விபரீதம் என்று அடுப்பை அணைத்தாராம்.

இங்கே குழுவினரை ரயிலைத் தவறவிட வைக்கப் பேராசிரியருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் சாத்தூர் காராச்சேவு. தட்டு காலியாகக் காலியாக அள்ளி அள்ளி வைத்தார். தலைவருக்குக் கண்ணில் நீர் முட்டி, காது சிவந்து, "தண்ணி..." என்று அவர் கையை நீட்டவும், வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு முத்தையா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வேன் வழியில் கொதித்தால் தண்ணீர் வேண்டுமே என்று, வண்டி போன பிறகும் அந்த வாளியைச் சுமந்தபடியே விருதுநகர் ரோட்டில் நடந்து வந்திருக்கிறான் பாவி! பாதி வழியில் அண்ணாச்சி கண்டு வேனில் ஏற்றியபோதும் வாளியை விடவில்லை. தலைவர் இரண்டு குவளை குடித்தார். பிறகுதான், "நீ யாரப்பா?" என்று கேட்டார்.

"ஆனர்ஸுங்க ஐயா" என்றான் முத்தையா.

வகுப்பு தொடங்கியது. மூன்று வருஷம் கழித்து முத்தையா முதல் வகுப்பில் தேறினான். நான் தேறினேன்.

குழு வந்த அன்று சாயங்காலம் ஊர் திரும்பும்போது நான் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, அவரைச் சும்மா விடாமல் சீண்டினேன். "காலி வண்டி ஓட்டிட்டீகளே அண்ணாச்சி!"

"எவம்லே காலியா ஓட்டுனது?" என்று சீறினார். "போகையில அந்தப் பய நெனப்பு ஏறி ஒக்காந்துக்கிட்டு, வண்டி பூராம் அதுதாம்லே இருந்துச்சு. எனக்கே எடம் பத்தல."

இப்போதும் பஸ்ஸில் பக்கத்து இடத்தில் என் பை இருந்தால், எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பவரை "வாங்க, எடம் கெடக்கு" என்று கூப்பிட்டுவிடுகிறேன். காலி இடத்தோடு வண்டி போனால் எங்கள் அண்ணாச்சிக்குப் பொறுக்காது.